அந்த நாற்காலி போதும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மிஷன் பங்களா கதையை ஒரே மூச்சில் படித்தேன். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். கதையோடு வந்த கடிதம்தான் மனதைச் சங்கடப்படுத்தியது. “வாலிபப் பிள்ளைகளுக்குப் பேய்க்கதை எதற்கு? எழுதுவதற்கு வேதத்தில் கதையா இல்லை?” என்று சபைப் பெரியவர் ஒருவர் கேட்டாராம். அன்றிலிருந்து உனக்கு எழுதவே கை வரவில்லையாம்.

அவர் கவலை நியாயமானது. கதையைப் படித்துவிட்டுப் பிள்ளை தூங்காமல் புரண்டால், விளக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்கள். எழுதியவன் அங்கே இருக்க மாட்டான். அதனால் அவர்மேல் வருத்தம் வேண்டாம். ஆனால் வேதத்தில் கதையா இல்லை என்று கேட்டாரே, அந்தக் கேள்வியையே பிடித்துக்கொள். உனக்கு வேண்டிய பாடமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

நியாயாதிபதிகள் மூன்றாம் அதிகாரத்தைக் கதை எழுதுகிறவனாக வாசித்துப் பார். ஏகூத் இடதுகைப் பழக்கமுள்ளவன். ஒரு முழ நீளக் கத்தியை வலது தொடையில், உடைக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டு, மோவாபின் ராஜா எக்லோனுக்குக் கப்பம் கொண்டுபோகிறான். கத்தி இருப்பது நமக்குத் தெரியும், ராஜாவுக்குத் தெரியாது. குத்துவது இரண்டே வசனம். அதற்குப் பிறகு கதை கதவுக்கு வெளியே வந்துவிடுகிறது. மேலறை பூட்டிக் கிடக்கிறது. ராஜா மறைவுக்குப் போயிருப்பார் என்று ஊழியக்காரர் காத்து நிற்கிறார்கள். நேரம் போகிறது. தட்டவும் கூச்சம், போகவும் தயக்கம். உள்ளே கிடப்பது என்ன என்று நமக்குத் தெரியும். அவர்கள் அப்படி நிற்கிற நேரத்தில்தான் ஏகூத் தப்பிப் போய்க்கொண்டிருக்கிறான். சஸ்பென்ஸ் எழுதுகிறவர்கள் இன்றைக்கும் செய்வது இதைத்தான்.

தானியேல் ஐந்தாம் அதிகாரத்தையும் பார். பெல்ஷாத்சாரின் விருந்து, ஆயிரம் பிரபுக்கள், குடி, கும்மாளம். வருவது முழு உருவம்கூட இல்லை, ஒரு மனிதக் கையின் விரல்கள் மட்டுமே. வருகிற இடமும் இருட்டான மூலை அல்ல; விளக்குக்கு எதிரே, வெளிச்சம் நன்றாக விழுகிற சுண்ணாம்புச் சுவர். ராஜாவின் முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. அடுத்த முறை பயமான காட்சி எழுத உட்காரும்போது கரண்டை நிறுத்தாமல் எழுத முடியுமா என்று பார். நம் கதைகளில் கரண்ட் போவது மிகவும் அதிகமாகிவிட்டது.

இனி உன் கதைக்கு வருகிறேன். போர்டிங் பையன்கள் மூன்று பேர், பூட்டிக் கிடக்கும் மிஷன் பங்களாவின் மாடியில் நாற்காலி இழுபடும் சத்தத்தை இரவில் கேட்கிறார்கள். பகலில் ஏறிப் போய் அந்த ஒற்றை நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டு வருகிறார்கள். மறுநாள் காலையில் அது ஜன்னலைப் பார்த்து நிற்கிறது. தரையெல்லாம் தூசி, இழுத்த தடம் மட்டும் இல்லை. அந்த வரியைப் படித்தபோது பட்டப்பகலில் எனக்கு முதுகு சில்லிட்டது. நீ எழுதப் பிறந்தவன் என்று தெரிந்துகொண்ட இடம் அதுதான்.

ஆனால் மூன்று பக்கம் தாண்டுவதற்குள் வெள்ளைச் சேலை வந்துவிடுகிறது, ரத்தக் கண் வந்துவிடுகிறது, தரையில் படாத கால்களும் வந்துவிடுகின்றன. எனக்கு அதுவரை இருந்த பயம் அங்கே போய்விட்டது. அந்த வெள்ளைச் சேலைக்காரியைச் சினிமாவில் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. திரும்பி நிற்கும் நாற்காலியைத்தான் இதுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை.

எம்.ஆர். ஜேம்ஸ் என்று ஒருவர் இருந்தார். இங்கிலாந்தில் ஒரு போதகர் வீட்டுப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியின் தலைவராக இருந்தவர். புதிய ஏற்பாட்டில் சேராத பழைய ஆகமங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1924இல் வெளியிட்ட அறிஞரும் அவரே. கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்களைக் கூட்டி வைத்து, தானே எழுதிய பேய்க்கதைகளை வாசித்துக் காட்டுவது அவர் வழக்கம். அவற்றில் மிகப் புகழ்பெற்ற ஒன்றில், கடற்கரை விடுதி அறையொன்றில் ஆள் படுக்காத கட்டிலிலிருந்து படுக்கைத் துணி எழுந்து உட்காரும். வருவது அவ்வளவுதான். பேய்க்கதைக்குக் காமம் ஆகாது, ரத்தம் வந்தாலும் அளவோடு வர வேண்டும், கதைக்காரன் அடக்கி வாசிக்க வேண்டும் என்று அவர் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார். பக்தியைக் காரணம் காட்டி அவர் அப்படிச் சொல்லவில்லை. அடக்கி வாசித்தால்தான் பயம் கூடும் என்பது அவர் கண்ட தொழில் உண்மை. சுத்தமாக எழுத வேண்டும் என்று உன் சபை எதிர்பார்ப்பதை ஒரு தடையாக நினைத்து நீ வருந்துகிறாய். அந்தத் தடை உனக்கு உதவிதான் செய்யும்.

கெட்ட வார்த்தை, படுக்கையறை, வெட்டுக்குத்து, இவற்றை ஒதுக்குவது பெரிய காரியமில்லை. இவை ஒன்றுகூட இல்லாமலும் கதை அசுத்தமாகலாம். ஒருவன் அவமானப்படுவதைக் கதை ரசித்துக்கொண்டே நின்றால் அது அசுத்தம். உன் இரண்டாம் அத்தியாயத்தில் குண்டுப் பையனை மற்றவர்கள் கிணற்றடியில் பூட்டுகிற காட்சி அரைப் பக்கம் நீளமாகிவிட்டது. பாதியாகக் குறை. அவன் பயத்தைக் காட்டு, அழுகையைப் படம் பிடிக்காதே.

அடுத்துச் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்திலேயே எனக்கு முக்கியம். கடைசி அத்தியாயத்தில் உன் நாயகன் இயேசுவின் நாமத்தைச் சொல்கிறான். உடனே உருவம் புகையாய்க் கரைகிறது, பையன்கள் முழங்காலிடுகிறார்கள், கதை முடிகிறது. நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறாய். ஆனால் அப்போஸ்தலர் பத்தொன்பதாம் அதிகாரத்தை எடுத்துப் பார். எபேசுவில் ஸ்கேவாவின் மகன்கள் ஏழு பேர், பொல்லாத ஆவி பிடித்த ஒருவன்மேல் அந்த நாமத்தை மந்திரம்போலச் சொல்லிப் பார்க்கிறார்கள். இயேசுவைத் தெரியும், பவுலையும் தெரியும், நீங்கள் யார் என்று கேட்கிறது அந்த ஆவி. ஏழு பேரும் காயத்தோடும் நிர்வாணமாகவும் தெருவுக்கு ஓடுகிறார்கள். நாமம் ஒரு சாவி அல்ல என்று லூக்கா அப்போதே கதையாக எழுதிவிட்டார்.

கதையின் கட்டுமானத்தை வைத்துப் பார்த்தாலும் அந்த முடிவு ஒட்டவில்லை. பத்து அத்தியாயம் கட்டியதை ஒரு சொல் கலைத்துவிட்டால் அந்தப் பத்து அத்தியாயமும் வீண் என்று வாசகனுக்குத் தோன்றிவிடும். ஆனால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் வேறு. உன் கதையை வாசிக்கப்போகும் பிள்ளைகளில் ஒருத்தி, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அதே நாமத்தைச் சொல்லி அம்மாவுக்காக ஜெபித்திருப்பாள். அம்மா வீடு திரும்பியிருக்க மாட்டாள். நாமத்தைச் சொன்னால் எல்லாம் ஓடிவிடும் என்று உன் கதை சொன்னால், தான் சரியாகச் சொல்லவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொள்வாள். அந்தப் பாரத்தை அவள் தலையில் ஏற்றிவிடாதே. உன் நாயகன் ஜெபிக்கட்டும், குரல் நடுங்க ஜெபிக்கட்டும். ஜெபித்து முடித்த பிறகும் மாடியில் சத்தம் நிற்காமல் இருக்கட்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவே, மேலே மாட்டிக்கொண்ட குண்டுப் பையனைக் கூட்டிவர அவன் படியேறட்டும். ஜெபம் கேட்கப்பட்டது என்பதை வாசகன் அந்தப் படிகளில் புரிந்துகொள்வான்.

இந்த வழியில் உனக்கு முன்னால் நடந்தவர்களையும் தெரிந்து வைத்துக்கொள். அமெரிக்காவில் ஃபிராங்க் பெரெட்டியின் ‘திஸ் பிரசன்ட் டார்க்னெஸ்’ 1986இல் வந்தது. சிறிய ஊர் ஒன்றின் கூரைகளுக்கு மேல் தேவதூதரும் பிசாசுகளும் போரிடுவார்கள். கீழே ஒரு போதகரும் ஒரு பத்திரிகையாளரும் அது கண்ணில் படாமலே போராடிக்கொண்டிருப்பார்கள். முதலில் மெதுவாகத்தான் விற்றது. பாடகி ஏமி கிராண்ட் பரிந்துரைத்த பிறகு பரவி, 20 இலட்சம் பிரதிகளைத் தாண்டியது. பாத்திரங்களுக்குத் தெரியாததை வாசகனுக்குக் காட்டுகிற அந்த வித்தை ஏகூத் கதையின் வித்தையேதான், அதைக் கற்றுக்கொள். அதில் நான் ஒப்பாத ஒன்றும் உண்டு. தீமை பெரும்பாலும் வெளியே, நகமும் சிறகுமாக, வேறு நம்பிக்கை உள்ளவர்களின் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அதைவிட, பதின்வயதினருக்காக அவர் 2001இல் எழுதிய ‘ஹேங்மேன்ஸ் கர்ஸ்’ உனக்கு நெருக்கமானது. ஒரு பள்ளியில், எப்போதோ தூக்கில் தொங்கிய மாணவனின் ஆவி என்று எல்லாரும் நம்பும் ஒன்றின் பெயரைச் சொல்லி அலறியபடி, விளையாட்டு வீரர்கள் ஒவ்வொருவராகப் புத்தி பேதலித்து விழுகிறார்கள். எலியா, எலிசா என்ற இரட்டையர் துப்புத் துலக்குகிறார்கள். முடிவில் ஆவி இல்லை, நச்சுச் சிலந்திகள் இருக்கின்றன. சிலந்திகளுக்குப் பின்னால், சக மாணவர்களின் கேலியையும் அடியையும் தாங்கித் தாங்கிக் கசந்துபோன ஒரு மனம் இருக்கிறது. பெரெட்டியே பிறவியில் கழுத்திலும் நாக்கிலும் வந்த கட்டியால் பள்ளியில் துன்புறுத்தப்பட்டவர். கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்கு மறு ஆண்டு, 2000இல், அந்த வேதனையைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியும். உன் போர்டிங்கிலும் அது இருக்கிறது. கிணற்றடியில் அந்தப் பையனைப் பூட்டியவர்களைவிட மாடியில் இருப்பது பயங்கரமானதா? இந்தக் கேள்வியை உன் கதை ஏற்கெனவே பாதி கேட்டுவிட்டது. மீதியையும் கேட்க வை.

பங்களாவுக்குள் வந்தது ஊர் எல்லைச் சுடலைமாடன் பீடத்திலிருந்து வந்தது என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறாய். அதை எடுத்துவிடு. உன் வாசகனுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் அந்தக் கோயில் கொடைக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போகிறவன். மதியம் சோற்றைப் பகிர்ந்து சாப்பிடுகிற நண்பனின் வீட்டுச் சாமியை வில்லனாக்கினால், நண்பனே வில்லனாகிவிடுவான். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பயத்தை நாம் கொடுக்கக் கூடாது.

சமையற்கார அம்மாவின் மகளுக்குப் பேய் பிடித்ததாக வரும் பகுதியிலும் கவனம் வேண்டும். வலிப்பு வருகிற, மனம் கலங்கிப்போன பிள்ளைகளை டாக்டரிடம் கூட்டிப் போகாமல் வைத்திருக்கிற வீடுகள் இன்னும் உண்டு. அவளை நீ எழுதத்தான் வேண்டுமென்றால் மாற்கு ஐந்தாம் அதிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள். கல்லறைகளில் கூவித் திரிந்தவனைப் பற்றிச் சொல்லும்போது, ஊரார் பயந்தார்கள் என்று மாற்கு எந்த இடத்தில் எழுதுகிறார் தெரியுமா? அவன் உடை உடுத்தி, புத்தி தெளிந்து, அமைதியாக உட்கார்ந்திருக்கிற இடத்தில். அந்த ஒரு வரிக்காகவே அவரை நான் பெரிய கதைக்காரர் என்பேன்.

ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்தை நீ சிறுவயதில் கேட்டிருப்பாய். 1678இல் வந்த அந்தக் கதையைத்தான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை திருநெல்வேலி மண்ணில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காவியமாக்கி 1894இல் தந்தார். பனியனின் கதையில் அவநம்பிக்கை என்ற அரக்கன் யாத்திரிகனைப் புதன் முதல் சனி வரை நிலவறையில் அடைத்துப் போடுகிறான். வெளியேறும் சாவி ஆரம்பத்திலிருந்தே யாத்திரிகனின் மடியில் இருந்திருக்கிறது. கடைசி இரும்புக் கதவின் பூட்டு அந்தச் சாவிக்கும் லேசில் திரும்புவதில்லை. உன் முடிவுக்கு வேண்டியதும் முதல் அத்தியாயத்திலேயே எங்காவது, யாரும் கவனிக்காதபடி கிடக்க வேண்டும்.

பயம் முடிந்த பிறகு என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாய். 1 சாமுவேல் 28ஐ எடு. சவுல் வேஷம் மாறி, இரவில் எந்தோரில் இருக்கும், இறந்தவர்களை எழுப்பிக் குறி சொல்லும் ஒரு ஸ்திரீயைத் தேடிப் போகிறான். இறந்துபோயிருந்து எழும்பி வந்த சாமுவேல், நாளை நீயும் உன் மகன்களும் என்னோடு இருப்பீர்கள் என்ற செய்தியைச் சொல்கிறார். சவுல் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுகிறான். பகலும் இரவும் அவன் சாப்பிட்டிருக்கவில்லை. பலரும் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். வேதம் நிறுத்தவில்லை. அந்த ஸ்திரீ அவன் அருகே வந்து, கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று கெஞ்சுகிறாள். மாட்டான் என்கிறான். விடாமல் வற்புறுத்துகிறாள். வீட்டில் இருந்த கொழுத்த கன்றுக்குட்டியை அடித்து, மாவு பிசைந்து, புளிப்பில்லா அப்பம் சுட்டு, அவன் முன்னால் வைக்கிறாள். அவன் சாப்பிட்டுவிட்டு அந்த இரவிலேயே எழுந்து போகிறான். நாளைக்கு வரப்போவது மாறவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் பொய்யும் சொல்லவில்லை. பயந்து கிடந்தவனைப் பட்டினியாகவும் தனியாகவும் விடவில்லை, அவ்வளவுதான்.

உன் கடைசி அத்தியாயத்தில் முழங்காலிடும் காட்சிக்குப் பதிலாக எனக்கு வேண்டியது இதுபோல் ஒன்று. மூன்று பையன்களும் விடியற்காலையில் போர்டிங் சமையற்கட்டுக்கு வருகிறார்கள். சமையற்கார அம்மா ஒன்றும் கேட்காமல் சுடச்சுடக் கடுங்காப்பி ஊற்றிக் கொடுக்கிறாள். மாடியில் என்ன இருந்தது என்று முழுவதுமாகச் சொல்லாமல்கூட விடலாம். குண்டுப் பையன் யார் பக்கத்தில் உட்காருகிறான் என்பதை மட்டும் மறக்காமல் எழுது.

திருத்தியதும் அச்சுக்குக் கொடுக்கும் முன், உன் ஓய்வுநாள் பாடசாலையில் பன்னிரண்டு வயது ஒருவருக்கும் பதினாறு வயது ஒருவருக்கும் பகலில் வாசிக்கக் கொடு. நன்றாக இருக்கிறதா என்று கேட்காதே. எந்த இடத்தில் நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார்கள், எந்த இடத்தில் பக்கத்தைத் தள்ளினார்கள் என்று கேள். அந்தப் பெரியவருக்கும் ஒரு பிரதி கொடு, அவர் சொல்வதைக் குறித்துக்கொள். நாற்காலி வரும் அத்தியாயத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாதே. மற்றவற்றைக் கிறிஸ்துமஸுக்கு முன் எனக்கு அனுப்பு. ஆராதனை வேலைகள் தொடங்கிவிட்டால் உனக்கும் எனக்கும் உட்கார நேரம் இருக்காது.

ஜெபத்துடன்,
உன் அண்ணன்