ஸ்டேசனில் இறங்கிய பிறகு எவ்வளவு தூரம்?
சூரிச்சிலிருந்து ரயிலில் போய்வர ஒரு பனிச்சறுக்கு மலையைத் தேர்வது எப்படி

கையில் இருப்பது ஒரு நாள்; மிஞ்சினால் ஓர் இரவு. கார் இல்லை, அல்லது பனி விழுந்த மலைப்பாதையில் கார் ஓட்ட மனமில்லை. இப்படிச் சூரிச்சிலிருந்து புறப்பட நினைக்கும் குடும்பம் வழக்கமாக முதலில் விசாரிப்பது மலையின் பெயரையும் அங்கே எத்தனை கிலோமீற்றர் சறுக்குப் பாதை உண்டு என்பதையும்தான். ஒரு கிழமை தங்குகிறவருக்கு அவை தேவை. ஒரு நாளில் திரும்புகிறவருக்கு, அதுவும் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவருக்கு, இருநூறு கிலோமீற்றர் பாதையால் ஒரு பயனும் இல்லை. அவருடைய நாளைத் தீர்மானிப்பது ரயில் நிற்கும் இடத்துக்கும் பனி தொடங்கும் இடத்துக்கும் நடுவே கிடக்கும் கடைசித் துண்டு. அதை முதலில் பாருங்கள். மலையின் பெயரைப் பிறகு பார்க்கலாம்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

லிஃப்டுகள் பெரும்பாலும் காலை எட்டரை மணியளவில் ஓடத் தொடங்கி, பின்னேரம் நாலு, நாலரைக்கு நின்றுவிடும். டிசம்பரில் வெளிச்சமும் அதோடு போய்விடும். பழகாத உடம்பு பனியில் நாலு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் தொடை நடுங்கும், விழுவது கூடும், அடிபடுவதும் அப்போதுதான். ஆகவே பத்து மணிக்குப் பனியில் கால் வைத்து, மூன்றரைக்குக் கீழே இறங்கினால் அது நிறைவான நாள். பத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள்: சப்பாத்தும் ஸ்கீயும் வாடகைக்கு எடுக்க அரை மணி நேரம், மலையேற இருபது நிமிடம், ரயில், வீட்டிலிருந்து ஸ்டேசன். ஏழரை மணி ரயிலைப் பிடிக்க முடிகிற குடும்பம் என்றால், ரயில் பயணம் ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். ஆறு மணிக்கே எல்லோரையும் எழுப்பி வெளியே கொண்டுவர முடியுமென்றால் இரண்டரை மணி நேரம் வரை போகலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் இது நடக்குமா என்று நேர்மையாக யோசித்துப் பாருங்கள். இந்தக் கணக்கிலேயே பாதி மலைகள் கழிந்துவிடும்.

கடைசித் துண்டு

சுவிஸ் ரயில்வேயின் எஸ்.பி.பி. செயலியில் மலையின் பெயரைத் தேடாமல், கேபிள் காரின் கீழ்நிலையத்தைத் தேடுங்கள். எத்தனை இடத்தில் மாற வேண்டும், மாறுவது ரயிலுக்கா பஸ்ஸுக்கா, நடை எத்தனை நிமிடம் என்று எல்லாம் அப்போது தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கில் சூரிச்சுக்கு மிக நல்லது ஃபுளூம்சர்பேர்க். வாலன்சே ஏரிக்கரையில் உன்டர்டெர்ட்சன் என்ற சின்ன ஸ்டேசன்; சூரிச்சிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். இறங்கினால் பக்கத்திலேயே கொண்டோலா. அது ஏரி மட்டத்திலிருந்து உங்களை 1,400 மீற்றர் அளவில் இருக்கும் டன்னன்போடனுக்கு ஏற்றிவிடும். தொடங்குகிறவர்களுக்கான சரிவும் வாடகைக் கடையும் சறுக்குப் பள்ளியும் அங்கேயே இருக்கின்றன. பஸ் இல்லை, பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பதும் இல்லை. இந்த நாட்டில் முதல்முறை ஸ்கீ போகிறவர் யார் கேட்டாலும் நான் சொல்லும் பதில் இதுதான்.

குளோஸ்டர்ஸ் பிளாட்ஸும் இதே வகை. லாண்ட்குவார்ட்டில் சிவப்பு நிற ரேட்டிய ரயிலுக்கு மாறினால் சூரிச்சிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு; கொட்ஷ்னா கேபிள் கார் ஸ்டேசனோடு ஒட்டியே நிற்கிறது. ஆனால் அது ஏறிச்சேரும் பார்சென் மலை, ஸ்கீ நன்றாக ஓடத் தெரிந்தவர்களுக்கானது. டாவோஸைத் தாண்டி கிளாரிஸ் என்ற நிறுத்தத்தில் இறங்கினால் ரீனர்ஹோர்ன் கொண்டோலா எதிரிலேயே இருக்கிறது. அளவான மலை, ஆட்களும் குறைவு.

பஸ் இடையில் வருகிற மலைகளைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஸ்டோஸுக்கு ஷ்வீட்ஸ் ஸ்டேசனிலிருந்து பஸ்ஸில் போய், 2017 டிசம்பரில் திறந்த கம்பிவட ரயிலில் ஏற வேண்டும். 110 விழுக்காட்டுச் சரிவில் ஏறுகிற, உலகிலேயே மிகச் செங்குத்தான கம்பிவட ரயில் அது. சரிவு மாற மாற உருளை வடிவப் பெட்டிகளும் சுழல்வதால் நிற்பவர் நேராகவே நிற்பார். பிள்ளைகளுக்கு அந்த ஏற்றம் ஒன்றே போதும். ஹோக்-ஈபிரிக்குக்கு ஐன்சீடல்ன் வரை ரயில், அங்கிருந்து பஸ், பிறகு கேபிள் கார். கறுப்பு மாதா கோவிலுக்குப் போய்வந்த நம் ஆட்களுக்கு ஐன்சீடல்ன் வரையான வழி பழக்கம்தான். இரண்டும் தூரத்தில் கிட்ட. ஆனால் நல்ல வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை அந்த பஸ்ஸில், ஸ்கீயைத் தூக்கிப் பிடித்தபடி, ஒரு கையில் பிள்ளையோடு நிற்பதை நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள். கிழமை நாளில் லீவு கிடைத்தால் தாராளமாகப் போகலாம்.

குழுவில் யாருக்குக் குறைவாகத் தெரியும்?

மலையைத் தேர்வது அவருக்காகத்தான். இங்கே வளர்கிற நம் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடத்து ஸ்கீ முகாமில் பழகிவிடுகிறார்கள். பன்னிரண்டு வயது மகள் சிவப்புப் பாதையில் பாய்ந்து இறங்குவாள், அப்பா ஸ்கீயை மாட்டியே இருக்க மாட்டார். இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காத பயணம் மதியத்துக்குள் மனக்கசப்பில் முடியும்.

பாதை வரைபடத்தை எடுத்து நீலக் கோடுகளை மட்டும் பாருங்கள். நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். நீலக் கோடுகள் எத்தனை என்பதைவிட அவை எங்கே இருக்கின்றன என்பதுதான் பெரிய விஷயம். கேபிள் கார் இறக்கிவிடும் இடத்திலேயே நீலம் தொடங்க வேண்டும். அது முடியும் இடத்தில் திரும்ப ஏற லிஃப்ட் இருக்க வேண்டும். ஒரு சிவப்புத் துண்டைக் கடந்துதான் நீலத்துக்குப் போகலாம் என்றால் அந்த மலை தொடங்குகிறவருக்கு ஆகாது. முதல் நாள் பழகுகிறவர் நின்றபடி ஏறிப்போகும் உருளும் பட்டை, பள்ளிச் சரிவின் ஓரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாற்காலி லிஃப்ட், டி வடிவக் கம்பி இழுப்பான் இரண்டையும்விட அது எவ்வளவோ இலகு.

ஸ்கீ ஓடவே மாட்டேன் என்பவர்களும் வருவார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ மாமியோ கூட இருக்கலாம். அவர்களையும் கூட்டிப் போகிற நாளுக்கு என் தேர்வு பிரவுன்வால்ட். கிளாருஸ் பள்ளத்தாக்கின் கடைசியில், லின்த்தாலிலிருந்து 1907ஆம் ஆண்டு முதல் ஓடும் கம்பிவட ரயிலில்தான் அங்கே ஏற முடியும். மேலே வாகனப் போக்குவரத்து இல்லாத கிராமம். குளிர்கால நடைபாதைகள் சீர்செய்யப்பட்டிருக்கும். சறுக்குவண்டிப் பாதைகள் உண்டு. வயதானவர் ஆறுதலாக நடக்கலாம், ஒரு வெயில் மேடையில் சூடாக எதையாவது குடித்துக்கொண்டு இருக்கலாம். சறுக்குவண்டிக்குப் பயிற்சி வேண்டியதில்லை என்பதால், இலங்கையிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்தவர்கள் பனியோடு நன்றாகப் பழகுவதும் அதில்தான். தலைக்கவசம் மட்டும் அதற்கும் போடுங்கள்.

உயரமும் மாதமும்

நூறு மீற்றர் ஏறினால் வெப்பம் அரைப் பாகைக்கு மேல் குறையும். சூரிச்சில் ஐந்து பாகையில் மழை பெய்கிறதென்றால் 1,500 மீற்றரில் பெரும்பாலும் பனி விழும். ஆயிரம் மீற்றரில் சேறு. ஆகவே தை மாதக் கடும் குளிரில் பிரவுன்வால்ட், ஸ்டோஸ் போல 1,300 மீற்றரை ஒட்டிய ஊர்களை நம்பலாம். நத்தாருக்கு முன்னும் மார்ச் நடுவுக்குப் பின்னும் உயரத்தைத் தேடுங்கள். அரோசா ஸ்டேசனே 1,700 மீற்றருக்கு மேல் இருக்கிறது. டிட்லிஸ் கேபிள் கார் 3,000 மீற்றரைத் தொடுவதால் அங்கே பருவம் இலையுதிர்காலத்திலேயே தொடங்கி வசந்தம் முழுக்க நீளும். லுசேர்னில் மாறி எங்கல்பேர்க் போக ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரம். ஆனால் டிட்லிஸின் உச்சிப் பாதைகள் தொடங்குகிறவருக்கல்ல. அவர் கீழ் மட்டத்திலேயே நிற்க வேண்டும்.

குளிர்காலத்தில் சூரிச் நாட்கணக்கில் மூடுபனிக்குள் கிடக்கும். அதைப் பார்த்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். பல நாட்களில் ஆயிரம் மீற்றருக்கு மேலே நீல வானம்தான்.

ஓர் இரவு தங்குவதானால்

அப்போது இரண்டரை மணி நேர ரயிலும் பொருந்தும். எனக்கு விருப்பமானது அரோசா. கூரில் ஸ்டேசனுக்கு வெளியே தெருவில் நிற்கும் சின்ன ரயிலில் ஏறினால், வாசல்களையும் கடைகளையும் தொட்டுக்கொண்டு போய், 1914இல் கட்டிய லாங்வீஸ் பாலத்தைக் கடந்து ஒரு மணி நேரத்தில் மேலே சேரும். வைஸ்ஹோர்ன் கேபிள் கார் ஸ்டேசன் பக்கத்திலேயே. 2014இலிருந்து லென்ட்சர்ஹைடவோடு இணைந்திருப்பதால் இரண்டாம் நாள் தெரிந்தவர்கள் தூரம் போய்வரலாம். குளோஸ்டர்ஸில் தங்குவதானால், பார்சென் மலையின் உச்சியிலிருந்து கூப்ளிஸ் வரை பன்னிரண்டு கிலோமீற்றர் இறங்கி, அங்கே ரயில் பிடித்துத் திரும்புகிற வழியும் உண்டு. ஸ்கீயும் ரயிலும் இவ்வளவு இயல்பாகச் சேர்கிற இடம் குறைவு. கீழ்ப்பகுதியில் பனி இருக்கிற நாட்களில்தான் அது முடியும். திறந்திருக்கிறதா என்று காலையில் பாருங்கள்.

சீட்டும் காப்புறுதியும்

அரை விலை அட்டை இல்லாத பெரியவர், குளிர்காலத்தில் சில தடவை போவதென்றால் அதை வாங்குவதே மேல். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு ரயிலில் கட்டணமில்லை. பதினாறு வயது வரை யூனியர் அட்டையோடு பெற்றோருடன் வரும் பிள்ளைகளுக்கும் தனிச் சீட்டு வேண்டாம். முன்கூட்டியே வாங்கினால் மலிவாகக் கிடைக்கும் சேமிப்பு நாள் சீட்டையும் போய்வரும் சீட்டின் விலையையும் ஒப்பிடுங்கள். விலை கிட்டத்தட்டச் சமமென்றால் நாள் சீட்டையே எடுங்கள், காரணம் அடுத்த பகுதியில் வரும். மலைச் சீட்டை முழு நாளுக்கு எடுக்க வேண்டியதில்லை. தொடங்குகிறவருக்குப் பல இடங்களில் பள்ளிச் சரிவுக்கு மட்டுமான மலிவுச் சீட்டு உண்டு, கவுண்டரில் கேளுங்கள்.

விபத்துக் காப்புறுதியைப் புறப்படும் முன்பே பாருங்கள். ஒரே முதலாளியிடம் கிழமைக்கு எட்டு மணி நேரமாவது வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் வேலையிடக் காப்புறுதி உண்டு. வீட்டில் இருப்பவருக்கும் பிள்ளைகளுக்கும் அது இல்லை. அவர்களுடைய கிரங்கன்காஸாவில் (மருத்துவக் காப்புறுதியில்) விபத்துப் பகுதி சேர்ந்திருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த விருந்தினருக்கு, அவருடைய பயணக் காப்புறுதி பனிச்சறுக்கை ஏற்கிறதா என்று பத்திரத்தில் படித்துப் பார்த்த பிறகே ஸ்கீயைக் கொடுங்கள். ரேகா ஹெலிகொப்ரர் மீட்பு எண் 1414, எல்லோருடைய தொலைபேசியிலும் இருக்கட்டும்.

முந்தின இரவு, புறப்படும் காலை

ஒரு மலையை மட்டும் முடிவு செய்யாமல், ஒரே ரயில் வழியில் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். ஸீகல்புரூக்க சந்தியில் ஒரு கிளை ஃபுளூம்சர்பேர்க்குக்கும் இன்னொன்று பிரவுன்வால்டுக்கும் பிரிகிறது. தெற்கிலிருந்து ஃபோன் என்ற மலைக்காற்று அடித்தால் கிளாருஸ், ஊரி, எங்கல்பேர்க் பள்ளத்தாக்குகளில் மேல் லிஃப்டுகள் நின்றுவிடலாம். நாள் சீட்டு கையில் இருந்தால் திசையை மாற்றிக்கொள்ளலாம்.

இரவில் மலையின் இணையக் கேமராவையும் திறந்திருக்கும் லிஃப்டுகளின் பட்டியலையும் பாருங்கள். டாவோஸில் உள்ள பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் பின்னேரம் ஐந்து மணிக்கும் காலை எட்டு மணிக்கும் ஐந்து படிநிலைகளில் எச்சரிக்கை வெளியிடுகிறது. குறிபோட்ட பாதையை விட்டு வெளியே போகாதவருக்கும் அது உதவும்: எச்சரிக்கை உயர்ந்தால் மேல் பாதைகள் மூடியிருக்கும். சூரிச்சின் பெப்ரவரி விளையாட்டு விடுமுறையில் சறுக்குப் பள்ளி இடங்கள் முன்பே நிரம்பும், முதலிலேயே பதிந்துவிடுங்கள்.

ஸ்கீயை ரயிலில் கைப்பொதியாகக் கொண்டுபோகக் கட்டணமில்லை. இருந்தாலும் தொடங்குகிறவர்கள் மேலே வாடகைக்கு எடுப்பதே நல்லது. பொருந்தாத சப்பாத்தை உடனே மாற்றலாம். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், மலை உணவகம் நான்கு பேருக்கு விலை கூட. திரும்பும்போது கடைசிக் கொண்டோலாவுக்குக் காத்திருக்க வேண்டாம். நாலரைக்கு எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள், ரயிலில் நிற்க இடமிருக்காது. மூன்றரைக்கு வாடகைச் சாமான்களைக் கொடுத்துவிட்டு இறங்கினால் பிள்ளைகள் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வீடு வந்து சேரலாம்.