காங்கிரீட் மூடும் முன்னே ஒரு படம்
கட்டட வேலைப் படங்கள்: தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும்

குடிபோய் மூன்று வருடமான வீடு. பாத்ரூமில் கீசர் மாட்ட எலெக்ட்ரீஷியன் டிரில் போட்டார். இரண்டாவது ஓட்டையிலேயே தண்ணீர் பீறிட்டது. டைல்ஸ் ஒட்டிய அந்தச் சுவருக்குள் பைப் எந்த வழியாகப் போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்காரர் தன் போனை என்னிடம் நீட்டினார். பூமி பூஜை, தளம் போட்ட அன்று மேஸ்திரிக்குப் போட்ட மாலை, பெயின்ட் அடித்த முகப்பு என்று நூற்றுக்கணக்கில் படங்கள் இருந்தன. பைப் பதித்த சுவரின் படம் ஒன்றுகூட இல்லை.

வேலைப் பதிவுக்கான படம், அன்று அங்கே இல்லாத ஒருவருக்காக எடுப்பது. அவர் பல வருடம் கழித்துக் கேட்கப்போகும் கேள்விக்கு அது பதில் சொல்ல வேண்டும். இதை மறந்துவிடுவதால் சைட்டில் சில தவறான எண்ணங்கள் வேரூன்றியிருக்கின்றன.

நம்பிக்கை 1: வேலை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

உண்மை: மூடப்போகும் வேலைக்குத்தான் படம் முதலில் தேவை. அஸ்திவாரக் குழியின் அடிமட்டம், கட்டிய கம்பி, தளத்துக்குள் ஓடும் எலெக்ட்ரிக்கல் பைப், டைல்ஸுக்கு அடியில் செய்த வாட்டர்புரூபிங் எல்லாம் ஓரிரு நாள்தான் கண்ணில் படும். அஸ்திவாரக் கம்பிக்குக் குறைந்தது 50 மி.மீ., தூண் கம்பிக்குப் பொதுவாக 40 மி.மீ. கவர் (கம்பியை மூடும் காங்கிரீட்டின் தடிமன்) வேண்டும் என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. கவர் பிளாக் வைத்தார்களா என்ற கேள்வி காங்கிரீட் இறுகிய பின் எழுந்தால், கருவி கொண்டுவந்து பார்க்க வேண்டும்; இல்லையேல் உடைக்க வேண்டும். காங்கிரீட் போடும் முன் எடுத்த படம் இருந்தால் அந்தச் சிரமம் பெரும்பாலும் மிச்சம்.

நம்பிக்கை 2: நல்ல கேமரா இருந்தால் ஒரே படத்தில் எல்லாம் தெரியும்.

உண்மை: கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மெகாபிக்சல் படம் என்பது அகலத்தில் 4000 புள்ளிகள். 4 மீட்டர் அகலச் சுவரை முழுக்க எடுத்தால் ஒரு புள்ளிக்கு 1 மி.மீ. காங்கிரீட்டில் பொதுவாக அனுமதிக்கப்படும் விரிசல் அகலம் 0.3 மி.மீ. அது ஒரு புள்ளியைக்கூட நிரப்பாது. அதே போனில் 30 செ.மீ. அகலம் மட்டும் தெரியும்படி நெருங்கி எடுத்தால், விரிசலுக்கு நான்கு புள்ளிகள் கிடைக்கும்.

ஆனால் நெருங்கி எடுத்த படம் மட்டும் இருந்தால் அது எந்தச் சுவர் என்று தெரியாது. ஆகவே மூன்று படம் எடுங்கள். அறை முழுவதும் ஒன்று, அந்தச் சுவர் அல்லது பீம் மட்டும் ஒன்று, குறிப்பிட்ட இடம் ஒன்று. முந்தைய படத்தில் தெரிந்த ஏதாவது ஒரு மூலையோ ஜன்னலோ அடுத்த படத்திலும் இருக்கட்டும்.

நம்பிக்கை 3: டேப்பைப் பிடித்து எடுத்துவிட்டால் அளவு நிரூபணமாகிவிடும்.

உண்மை: பீம் ரிங்குகளின் இடைவெளியைக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டேப்பின் பூஜ்யம் முதல் ரிங்கின் விளிம்பில் தொட்டிருக்க வேண்டும். ஐந்தாவது ரிங்கின் அதே பக்க விளிம்பு 600 மி.மீ.யில் இருந்தால், நடுவில் நான்கு இடைவெளி. சராசரி 150 மி.மீ. பூஜ்யமும் முடிவும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். டேப் கம்பியை ஒட்டிக் கிடக்க வேண்டும். கேமரா அதற்கு நேர் எதிரே இருக்க வேண்டும். சாய்வாக எடுத்தாலோ, டேப் கம்பியைவிட்டு முன்னால் தொங்கினாலோ அளவு தவறாகத் தெரியும். 0.5 எக்ஸ் லென்ஸ் ஓரங்களை இழுத்துக் காட்டும். அளவு காட்டும் படத்துக்கு அது வேண்டாம். இவ்வளவு செய்தாலும் அளவைப் புத்தகத்தில் எழுதுவதை விடக்கூடாது. படம் அதற்குத் துணை மட்டுமே.

நம்பிக்கை 4: படத்தில் தேதி விழுந்திருந்தால் போதும், மறுக்க முடியாது.

உண்மை: படத்தின் மேல் விழும் தேதி பெரும்பாலும் போன் கடிகாரம் காட்டுவதுதான். கடிகாரத்தையும் மாற்றலாம், படத்தையும் மாற்றலாம். ஒரு சிறு பலகையில் தளம், கிரிட் எண், பார்க்கும் திசை, தேதி எழுதி ஓரத்தில் வையுங்கள். அசல் கோப்பைத் தொடாமல் பாதுகாத்து, குறியிடுவதை நகலில் செய்யுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தரும்போது சான்றிதழும் கேட்கிறது. எந்தக் கருவியில் உருவானது, கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பு என்ன என்ற விவரங்கள் அந்தச் சான்றிதழில் வரும்.

நம்பிக்கை 5: வாட்ஸ்அப் குரூப்பில்தான் எல்லாம் இருக்கிறதே.

உண்மை: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்களும் நீங்கிவிடும். அவசரச் செய்திக்கு அது போதும், பதிவுக்கு ஆகாது. டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். அன்று மாலையே தேதி, தளம், வேலை என்று பெயரிட்டு ஃபோல்டரில் சேர்த்து, இரண்டு இடங்களில் வையுங்கள். தேடிக் கிடைக்காத படமும் எடுக்காத படமும் ஒன்றுதான்.

நம்பிக்கை 6: குறையைப் படமெடுத்தால் நமக்கே வினை.

உண்மை: சென்ட்ரிங் பிரித்ததும் பீமின் அடியில் தேன்கூடு போல ஜல்லி தெரிந்தால், பூசி மறைப்பதுதான் வினை. குறையை எடுங்கள், தளர்ந்த காங்கிரீட்டைக் கொத்தி எடுத்த பின் எடுங்கள், சரிசெய்த பின்னும் அதே இடத்தில் நின்று எடுங்கள். வேலையில் நேர்மை இருந்தது என்பதற்கு அந்த மூன்று படங்களைவிட வலுவான சாட்சி வேறில்லை.

சைட் பொறியாளர்களுக்கும் வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காங்கிரீட் போடுவதற்கு முந்தின மாலை, பூச்சு வேலை தொடங்கும் நாள் காலை, அரை மணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள். மறுநாள் அந்தக் கம்பியையும் பைப்பையும் யாராலும் பார்க்க முடியாது.