கோடையில் பிறந்த குழந்தைக்கும் குளிருமா?

சித்திரை மாதத்துப் பகல். வெளியே வெயில் கொளுத்துகிறது. இந்த வேளையில் பிறக்கும் குழந்தைக்குக் குளிரும் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் பிரசவ அறையில் நர்ஸ் என்ன செய்கிறார் என்று பாருங்கள். குழந்தை வெளிவரும் நேரம் நெருங்கியதும் மின்விசிறியை நிறுத்துகிறார், சன்னலைச் சாத்துகிறார், சூடேற்றிய உலர்ந்த துணிகள் இரண்டை எடுத்துத் தயாராக வைக்கிறார். வியர்த்துக் கொட்டும் தாய்க்கு அந்த விசிறிக் காற்று எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! அதையும் நிறுத்துவதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஒரு கையை மட்டும் நீரில் நனைத்துக்கொண்டு, இரண்டு கைகளின் மீதும் வாயால் ஊதுங்கள். நனைந்த கைதான் சில்லென்று இருக்கும். நீர் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துக்கொள்வதே காரணம். உடலின் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை.

தாயின் வயிற்றில் குழந்தை பனிக்குட நீரில் மிதக்கிறது. அங்கே அதன் உடல், தாயின் உடலைவிடச் சுமார் அரை டிகிரி கூடுதலான வெப்பத்தில் இருக்கிறது. பிறந்ததும் தலை முதல் கால் வரை நனைந்தபடி, பத்து டிகிரி குறைவான ஓர் அறைக்குள் வந்து விழுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போமா? குழந்தையின் எடை 3 கிலோ என்று கொள்வோம். அதன் உடல் வெப்பநிலை 1 டிகிரி இறங்க, சுமார் 2,500 கலோரி வெளியேறினால் போதும். மேனியிலுள்ள நீரில் 10 கிராம், அதாவது இரண்டு சிறு கரண்டி நீர், ஆவியாக 5,800 கலோரி வேண்டும். இவ்வளவும் குழந்தையின் உடலிலிருந்தே போனால் 2 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும்! உண்மையில் ஒரு பங்கு வெப்பம் காற்றிலிருந்தும் கிடைக்கும். உடலும் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஆயினும் குழந்தைக்கு இருக்கவேண்டிய வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி வரை மட்டுமே என்பதை நினைத்தால், இது சின்னக் கணக்கு அல்ல என்று தெரியும்.

உருவம் சிறியதாக இருப்பது இன்னொரு தொல்லை. குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு உள்ள தோலின் பரப்பு, பெரியவருக்கு உள்ளதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. டம்ளர் வெந்நீர் அண்டா வெந்நீருக்கு முன்பே ஆறிவிடுவது போலத்தான். தலை உடலின் பெரும் பங்காக இருப்பதால், ஒரு சிறு குல்லாய்கூட அதற்குப் பெரிய உதவி.

நமக்குக் குளிர்ந்தால் உடல் நடுங்குகிறது. தசைகள் வெப்பம் உண்டாக்கும் வழி அது. பிறந்த குழந்தையால் அப்படி நடுங்க இயலாது. அதற்குப் பதிலாக இயற்கை அதன் தோள்பட்டைகளுக்கு இடையிலும், கழுத்தைச் சுற்றியும், சிறுநீரகங்களின் அருகிலும் 'பழுப்புக் கொழுப்பு' என்னும் எரிபொருளைச் சேமித்து வைத்திருக்கிறது. அடுப்பு இருக்கிறது, சரி. ஆனால் அது எரிய ஆக்ஸிஜனும் சர்க்கரையும் செலவாகும். குளிர்ந்த குழந்தைக்கு இரத்தத்தில் சர்க்கரை குறையும்; சோர்ந்துபோய்ப் பால் குடிக்காது; குடிக்காததால் எரிபொருள் மேலும் குறையும்; இன்னும் குளிரும். உயிரைப் பறிப்பது இந்தச் சுழல்தான். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்குப் பழுப்புக் கொழுப்பும் குறைவு என்பதால் ஆபத்து அதிகம்.

இப்போது நர்ஸின் செயல்கள் புரிகின்றன. குழந்தை பிறந்த உடனே முதல் துணியால் தலையையும் உடலையும் நன்கு துடைக்கிறார். ஈரமான அத்துணியை உடனே அகற்றிவிடுகிறார். குழந்தையை ஆடையின்றித் தாயின் மார்பில் கிடத்தி, இரண்டாம் துணியால் இருவரையும் சேர்த்துப் போர்த்துகிறார். தொப்புள்கொடியை வெட்டக்கூட ஒரு நிமிடமாவது பொறுக்கிறார். மேனியில் மாவு பூசினாற்போல் இருக்கும் வெண்ணிறப் படலத்தை அவர் கழுவுவதில்லை. முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறந்த உடனே வெந்நீரில் குளிப்பாட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. நீர் வெந்நீரேயானாலும், வெளியே எடுத்ததும் அது ஆவியாகத்தானே செய்யும்!

தாயின் மார்பே சிறந்த கணப்பு என்பதை மருத்துவ உலகம் சுற்றி வளைத்துத்தான் கண்டுகொண்டது. பாரிஸ் நகரில் டார்னியே என்னும் டாக்டர், கோழிமுட்டைகளைப் பொரிக்கும் கருவியைப் பார்த்து, 1880-ஐ ஒட்டிக் குழந்தைகளுக்கு இன்குபேட்டரைக் கொண்டுவந்தார். அது பல உயிர்களைக் காத்தது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் போதிய இன்குபேட்டர்கள் இல்லாத நிலையில், 1978-இல் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா வேறு வழி கண்டார்: எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டச் செய்தார். கங்காரு முறை என்ற பெயர் இதற்கு அமைந்தது.

வசதியில்லாத இடத்துக்கான மாற்றுவழி என்றுதான் வெகுகாலம் இதைக் கருதினார்கள். அந்த எண்ணம் தவறு. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள 3,211 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. உடல்நிலை சீரான பிறகே கங்காரு முறைக்கு வந்த குழந்தைகளில் 28 நாட்களுக்குள் இறந்தவை 100-க்கு 15.7. பிறந்த உடனேயே தாயின் மார்புக்கு வந்தவற்றில் 12.0. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

தெர்மாமீட்டர் கையில் இல்லாதபோது நர்ஸ்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் கவலையில்லை. வயிறு வெதுவெதுப்பாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால், குழந்தை குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது. தாயோடு அணைத்துப் போர்த்தவேண்டும். வயிறும் சில்லிட்டிருந்தால், அணைத்தபடியே டாக்டரிடம் விரையவேண்டும்.