பறக்கும் பூச்சிகளைப் படமெடுக்கும் கலை

கண்ணுக்குத் தெரியும் பொருள்கள் யாவும் கருத்துக்குத் தெரிவன அல்ல. வீட்டுத் தோட்டத்தில் நாள்தோறும் தேனீ பறக்கின்றது, தட்டான் சுற்றுகின்றது, வண்ணத்துப்பூச்சி மலர்விட்டு மலர் தாவுகின்றது. இவற்றைக் காணாதார் இலர். ஆயினும், தேனீக்குச் சிறகுகள் எத்தனை, அதன் பின்னங்காலில் ஒட்டியுள்ள மஞ்சள் உருண்டை யாது என வினவின், விடை கூறுவோர் மிகச் சிலரே. சிறுமை, விரைவு என்னும் இரண்டும் திரைகளாய் நின்று இவ்வுயிர்களை மறைக்கின்றன. அத்திரைகளை விலக்கிக் காட்டவல்லது, பறக்கும் பூச்சிகளை அண்மையில் நின்று ஒளிப்படம் எடுக்கும் கலையாகும்.

இக்கலைக்கு இன்றியமையாத கருவி 'மாக்ரோ லென்சு' என்னும் அண்மைப்பட வில்லை. பொதுவான வில்லையைக் கொண்டு ஒரு பொருளை மிக நெருங்கினால் உருவம் மங்கிவிடும். மாக்ரோ வில்லையோ, நெருங்கிய இடத்தும் தெளிவு குன்றாது. பொருளை அதன் இயல்பான அளவிலேயே காமிராவினுள் பதியச் செய்யும். 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடைய உணர்தகட்டில், 12 மி.மீ. நீளமுள்ள தேனீ 12 மி.மீ. நீளமாகவே விழும். அப்படத்தைப் பின்னர்ப் பெரிதாக்கிக் காணுங்கால், தேனீயின் கண்களின் மீதுள்ள நுண்ணிய மயிர்களும் புலப்படும்.

இத்துணை நன்மை தரும் கருவியிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. உருவம் பெரிதாகப் பதியப் பதிய, தெளிவாகத் தோன்றும் ஆழம் குறைந்துகொண்டே செல்லும். இயல்பளவில் படமெடுக்கும்போது, வில்லையின் துளை எண்ணை 8 என அமைத்தால், தெளிவுறும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ. மட்டுமே. துளையைச் சுருக்கி எண்ணை 16 ஆக்கினால் அது 2 மி.மீ. ஆகும். கண் தெளிவாக விழுந்தால் வால் மங்கும்; வால் தெளிவாக விழுந்தால் கண் மங்கும். ஆதலின், தேர்ந்தோர் பூச்சியின் கண்ணையே குறியாகக் கொள்வர். குவியத்தை முன்னரே ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டு, தம் உடலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளியும் நொடியில் பொத்தானை அழுத்துவர். சிறகு மடித்து அமர்ந்த வண்ணத்துப்பூச்சியை நேர்ப்பக்கத்திலிருந்து எடுப்பின், அதன் உடலும் சிறகும் ஒரே தளத்தில் அமைதலின், படம் முழுதும் தெளிவுறும்.

இரண்டாவது இடர்ப்பாடு விரைவு. தேனீ ஒரு வினாடியில் ஏறக்குறைய 230 முறை சிறகடிக்கின்றது. அதன் சிறகின் நுனி வினாடிக்கு 6 முதல் 7 மீட்டர் வரை செல்கின்றது எனலாம். காமிராவின் கதவு 1/2000 வினாடியே திறந்து மூடினும், அதற்குள் சிறகு நுனி 3 மி.மீ.க்குக் குறையாமல் நகர்ந்துவிடும். அவ்வளவில் சிறகு வெறும் புகைபோலத் தோன்றும். ஒளி 1/20,000 வினாடியே வீசுமாயின், நகர்வு மில்லிமீட்டரின் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே, விரைவை வெல்வது கதவன்று. மின்வெட்டுப்போல் தோன்றி மறையும் ஒளியேயாகும்.

இவ்வுண்மையைச் செயலிற் காட்டிப் புகழ் பெற்றவர், இங்கிலாந்து நாட்டு ஒளிப்படக் கலைஞர் ஸ்டீபன் டால்டன் ஆவார். பூச்சி பறந்து மெல்லிய ஒளிக்கற்றை ஒன்றைக் கடக்கும்போது, தானே இயங்கிப் படமெடுக்குமாறு அவர் கருவிகளை அமைத்தார். காமிராக்களின் வழக்கமான கதவு திறப்பதற்குள் பூச்சி அகன்றுவிடுமாதலின், மிக விரைந்து திறக்கும் தனிக்கதவு ஒன்றையும், ஏறக்குறைய 1/25,000 வினாடியே ஒளிரும் விளக்குகளையும் பயன்படுத்தினார். அவர்தம் படங்களைத் தாங்கிய 'போர்ன் ஆன் தி விண்ட்' என்னும் நூல் 1975-இல் வெளிவந்தது. 1977-இல் வாயேஜர் விண்கலங்கள் இரண்டும் விண்ணிற் செலுத்தப்பட்டபோது, பூவுலகைப் பிற உலகத்தார்க்கு உணர்த்துமாறு தங்கப் பூச்சுடைய செப்புத் தட்டு ஒவ்வொன்றிலும் வைக்கப்பட்டது. அதிற் பொறித்த நூற்றுக்கு மேற்பட்ட படங்களுள், மலர்களினிடையே பறக்கும் பூச்சியைக் காட்டும் டால்டனின் படமும் ஒன்று. மனிதனின் நகரங்களோடும் பாலங்களோடும் ஒரு சிறு பூச்சியும் விண்மீன்களிடையே செல்கின்றது!

அத்தகைய அரிய கருவிகள் இல்லாதவரும் இக்கலையில் ஈடுபடலாம். எளிதிற் கிடைக்கும் மின்னொளி விளக்கும், ஆற்றலைக் குறைத்து வைத்தால், 1/10,000 வினாடியளவே ஒளிரக்கூடும். விளக்கின்முன் மெல்லிய வெண்துணியைக் கட்டினால் ஒளி கடுமை நீங்கி மென்மையுறும். ஆனால், கருவியினும் சிறந்தது பூச்சிகளின் இயல்பறிதலே. தட்டான் தான் விட்டுப் பறந்த குச்சியின் நுனிக்கே பெரும்பாலும் மீண்டு வரும். அதனைத் துரத்துவோர் களைப்படைவர், குச்சியருகே காத்திருப்போர் படம் பெறுவர். தேனீ ஒரு முறை புறப்பட்டால் பெரும்பாலும் ஒரே வகை மலர்களையே நாடும். அடுத்த மலர் எதுவென முன்னரே உய்த்துணரலாம். காலைக் குளிரில் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்து வெயில் காயும். அப்பொழுது அதனை அணுகுதல் எளிது. நெருங்குவோர் தம் நிழல் பூச்சியின்மேல் விழாதவாறும், விரைந்து அசையாதவாறும் காத்தல் வேண்டும்.

இவ்வாறு பெற்ற படம் வெறும் அழகுப் பொருளன்று, அறிவின் வாயிலுமாகும். மலர்களின்மேல் அந்தரத்தில் அசையாது நிற்கும் ஒரு பூச்சி, மஞ்சளும் கறுப்புமான பட்டைகளால் குளவிபோல் தோன்றி அச்சுறுத்தும். படத்திலோ அதற்கு இரண்டு சிறகுகளே உள. குளவிக்கும் தேனீக்கும் நான்கு. ஆகவே, அது கொட்டும் குளவியன்று. கொடுக்கே இல்லாத மலர் ஈ எனத் தெளியலாம். அவ்வினத்துள் பலவற்றின் புழுக்கள் செடிகளின் சாற்றை உறிஞ்சும் அசுவினிகளைத் தின்று உழவர்க்கு உதவுகின்றன. கத்தரிப் பூவின் மகரந்தப் பைகள் நுனியிலுள்ள சிறு துளைகள் வழியே பொடியை உதிர்ப்பன. நீலப்பட்டை உடைய தேனீயும், மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டும் அப்பூவைப் பற்றிக்கொண்டு, மார்புத் தசைகளை அதிரச் செய்து அப்பொடியை உதிர்க்கின்றன. அதனாற் காய்ப்பு மிகுகின்றது. இதனை அறியாது, பறப்பன யாவும் பகையென எண்ணி நஞ்சு தெளிப்பவன், தன் விளைவைத் தானே கெடுத்துக்கொள்பவன் ஆகின்றான்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். நல்ல படம் பெறும் ஆசையால், பூச்சிகளைப் பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்து மயங்கச் செய்வோரும், கொன்று கிளையில் ஒட்டி வைப்போரும் உளர். அங்ஙனம் எடுத்த படம் எவ்வளவு தெளிவுடையதாயினும் பொய்ப்படமே. உயிருள்ள பூச்சி கால்களை ஊன்றும் முறையை அறிந்தோர் அதனை எளிதிற் கண்டுகொள்வர். முற்காலத்தில் வண்ணத்துப்பூச்சிகளை வலையிற் பிடித்து, ஊசியாற் குத்திச் சேர்த்து வைத்தனர். நாளும் இடமும் குறித்த ஒளிப்படம், பல வேளைகளில் அக்கொலையை வேண்டாததாக்கியிருக்கின்றது. அந்நன்மையைத் தந்த கருவியைக் கொண்டே உயிர்க்கு ஊறு செய்தல் அறமாகுமோ?

ஆதலின், இக்கலையைப் பயில விரும்பும் மாணவர் முதலிற் காமிராவைத் தேட வேண்டியதில்லை. ஒரு செடியின் அருகே அரைமணி நேரம் அமைதியாய் அமர்ந்து, அங்கு வந்து செல்லும் உயிர்களையும் அவை வரும் வேளையையும் ஏட்டிற் குறித்தல் வேண்டும். பொறுமை அவ்வாறு வாய்த்த பின்னர்க் கருவி வாய்த்தால் போதும். கூர்ந்து காண்பதால் அறிவு பிறக்கும். அறிவு பிறந்தவிடத்து அருளும் உடன் பிறக்கும்.