முதுமையும் நோயும் உற்ற மாடுகளைப் பேணும் முறை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கமஞ் செய்வோர்க்கு மாடு குடும்பத்தின் ஓர் உறுப்பேயாகும். முற்காலத்தில் படுவான்கரை வட்டைகளிலே வயலை மிதித்துச் சேறாக்கியவை எருமைகள். களவெட்டியிற் சூடு மிதித்தவையும் அவையே. இன்று அவ்வேலைகளை இயந்திரங்கள் செய்கின்றன. ஆயினும் பாலுக்கும் தயிருக்கும் மாடு வேண்டும். எழுவான்கரையின் மணற்பாங்கான நிலத்திலே கத்தரியும் மிளகாயும் பயிரிடுவோர்க்கு மாட்டெருவின்றிப் பயிர் இல்லை.

பல ஆண்டுகள் உழைத்த மாடு முதுமையுற்று நோயிற் கிடக்கும்போது, “இனி இது தேறாது” என்று கைவிடுவோரும் உளர். வேண்டாத மருந்துகளை ஊற்றித் துன்புறுத்துவோரும் உளர். இரண்டும் தவறு. கிடக்கும் கிழமாடுகள் யாவும் சாகும் மாடுகள் அல்ல. எது தேறும், எது தேறாது என்பதை அறிந்து நடத்தலே நன்று.

முதுமையின் அறிகுறிகள்

மாட்டின் கீழ்த்தாடையின் முன்புறத்தில் எட்டு வெட்டும் பற்கள் உண்டு. பத்து ஆண்டுகள் கடந்த மாட்டில் இவை தேய்ந்து, பின்னர் ஆடி விழத் தொடங்கும். கடைவாய்ப் பற்களும் தேயும். அப்போது மாடு வைக்கோலை வாயிலிட்டு மென்று, மெல்ல முடியாமல் உருட்டி வெளியே தள்ளும். தீனி முன்னே கிடக்க மாடு மெலிவதற்கு இது ஒரு பெருங் காரணமாகும். குளம்பு நீண்டு வளர்தல், மூட்டு வீங்குதல், மந்தைக்குப் பின்தங்கி நடத்தல் என்பனவும் முதுமையின் குறிகள்.

நாள்தோறும் நோக்க வேண்டியவை

1. அசைபோடுதல்: நலமான மாடு நாளொன்றில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். அசைபோடுதல் நின்றால் நோய் தொடங்கிவிட்டதென்று கொள்க.

2. இரைப்பையின் அசைவு: இடப்பக்க விலாவின் பின்னுள்ள பள்ளத்தில் கைமுட்டியை அழுத்தி வைத்து இரண்டு நிமிடம் பொறுத்திருக்க. இரண்டு அல்லது மூன்று முறை கையை உந்தும் அசைவு தோன்ற வேண்டும்.

3. உடல் வெப்பம்: வெப்பமானியை மலவாயினுட் செலுத்திப் பார்க்க. ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை இயல்பாகும். 39.5 பாகைக்கு மேற்பட்டாற் காய்ச்சல், 37.5 பாகைக்குக் குறைந்தால் அபாயம்.

4. உடல் மெலிவு: நிறுப்பதற்குத் தராசு தேவையில்லை. முன்னங்கால்களின் பின்னே மார்பைச் சுற்றி ஒரு கயிற்றைப் பிடித்து, அளவுக்கு ஒரு முடிச்சிடுக. இரு கிழமைக்கு ஒருமுறை அதே கயிற்றால் அளக்க. முடிச்சு கடந்து கயிறு மிஞ்சுமாயின் மாடு மெலிகின்றது. கண்ணுக்குப் புலப்படாத மெலிவையும் கயிறு காட்டிவிடும்.

தீனியும் நீரும்

பல் தேய்ந்த மாட்டுக்கு முழு வைக்கோல் போடுதல் பயனற்றது. வைக்கோலைச் சிறு துண்டுகளாக வெட்டி நீர் தெளித்து மென்மையாக்குக. இளம் புல்லும் கிளிசரிடியா இலையும் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். தவிட்டையும் தேங்காய்ப் புண்ணாக்கையும் நீரிற் பிசைந்து, நாளுக்கு மூன்று நான்கு முறையாகப் பகிர்ந்து வைக்க. பசித்த மாட்டுக்குச் சோறும் அரிசியும் ஒரேயடியாகக் கொடுத்தால் இரைப்பை புளித்து மாடு இறக்கவுங் கூடும்.

நீர் எப்போதும் மாட்டின் வாய்க்கு எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். கோடையில் வாவி நீரின் உப்புத்தன்மை மிகும். நோயுற்ற மாட்டை அந்நீருக்கு விடாது, கிணற்று நீர் வைக்க.

கஞ்சி ஊற்றும்போது மாட்டின் தலையை முதுகின் மட்டத்துக்கு மேலே தூக்குதல் ஆகாது. பக்கவாட்டிற் சாய்ந்து கிடக்கும் மாட்டுக்கு எதையும் ஊற்றவே கூடாது. நீர்மம் சுவாசப்பையிற் புகுந்தால் மாடு நோயினாலன்றி நம் கையினாலேயே இறக்கும். இருமினால் உடனே நிறுத்துக.

எழும்ப முடியாத மாடு

மாடு கிடந்துவிட்டால் முதலிற் காரணத்தை ஆராய்க. கன்று ஈன்று மூன்று நாட்களுக்குள், காதுகள் குளிர்ந்து, கழுத்தை மடக்கி மாடு கிடந்தாற் சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். பலமுறை ஈன்ற வயதான பசுக்களுக்கே இது மிகுதியாக வரும். கால்நடை வைத்தியர் உரிய ஊசி மருந்தை வேளையுடன் ஏற்றினால், சாகும் என்று எண்ணிய பசு சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். “கிழமாடுதானே” என்று ஒரு நாள் தாழ்த்தினால் அப்பசுவை இழக்க நேரும்.

வேறு காரணத்தாற் கிடக்கும் மாட்டை மார்பின்மேல் நிமிர்ந்து கிடக்குமாறு வைக்கோற் கட்டுகளால் முட்டுக் கொடுக்க. பக்கவாட்டிற் கிடந்தால் வயிறு ஊதிவிடும். கீழே மணலை ஒரு சாண் ஆழத்துக்கு இட்டு, அதன்மேல் உலர்ந்த வைக்கோல் பரப்புக. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபக்கம் புரட்டுதல் இன்றியமையாதது. புரட்டாவிடின், உடற்பாரத்தால் அடிப்பட்ட தொடைத் தசை சிதைந்து, நோய் தீர்ந்த பின்னும் மாடு எழமாட்டாது. காலிலோ வாலிலோ கயிறு கட்டி இழுக்க வேண்டாம், பலகையிலேற்றி நகர்த்துக. வெயில் நாளிற் கிடக்கும் எருமைமீது நனைந்த சாக்கை இடுக. எருமைக்கு வியர்வை குறைவாதலால் வெப்பத்தைத் தாங்காது.

மாரிக்காலத்து எச்சரிக்கை

2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், மண்டூஸ் புயல் கடந்த வேளையில், வடக்கு கிழக்கு மாகாணங்களில் மாடுகளும் ஆடுகளும் பெருந்தொகையாக இறந்தன. கடுங்குளிரும் காற்றும் மழையுமே காரணம். மெலிந்த உடலில் வெப்பத்தைக் காக்குங் கொழுப்பு இல்லையாதலால், முதிர்ந்தனவும் நோயுற்றனவும் இளங்கன்றுகளுமே இத்தகைய குளிருக்கு முதலிற் பலியாகும்.

ஆதலால் ஐப்பசி பிறக்குமுன் நோயுற்ற மாட்டை வெளி மேய்ச்சற்றரையிலிருந்து வீட்டுக்கு அண்மையிற் கொண்டுவருக. வெள்ளம் ஏறாத மேட்டிலே கூரையிட்டு, வாடை வீசும் வடகீழ்த் திசையிற் கிடுகு கட்டி மறைக்க. நனைந்த மாட்டைச் சாக்கினால் துடைத்து, உலர்ந்த வைக்கோலின்மேற் கிடத்துக. இளஞ்சூடான நீர் குடிக்க வைக்க. நுளம்புக்குப் புகை போடுவோர் மாட்டுக்கு மூச்சு முட்டாத தூரத்தில் போடுக.

வீட்டார்க்குக் காவல்

வாயிலிருந்து நீர் வடிய, விழுங்க முடியாமல், குரல் மாறிக் கத்தும் மாட்டின் வாயினுள் கையை விட வேண்டாம். விசர்நாய் கடித்த மாட்டிலும் இக்குறிகளே தோன்றும். தொட்டவர்கள் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.

மனிதருக்குரிய மாத்திரைகளை மாட்டுக்குக் கொடுத்தல் ஆகாது. மருந்தேற்றிய மாட்டின் பாலை, வைத்தியர் கூறிய நாட்கள் கழியுமுன் விற்கவோ குடிக்கவோ கூடாது. நோயுற்ற மாட்டின் சாணத்தைப் பச்சையாக மரக்கறிப் பாத்தியில் இடாது, குழியிலிட்டு மக்கிய பின்னரே பயன்படுத்துக.

முடிவு நெருங்கும்போது

எல்லாம் செய்த பின்னரும் மாடு தேறாதிருக்கலாம். அப்போது மூன்று வினாக்களைக் கேட்க: தானாக உண்கின்றதா? எழ முயல்கின்றதா? வேதனையின்றிக் கிடக்கின்றதா? மூன்றுக்கும் பல நாட்களாக “இல்லை” என்பதே விடையானால், அதனை இழுத்துப் பிடித்து வைப்பது அன்பு ஆகாது. கால்நடை வைத்தியரை அழைத்து, வலியின்றி முடிவு கொடுப்பது பற்றிக் கேட்க. முடிவு தருவதோ வருந்தும்வரை பேணுவதோ, அது குடும்பத்தாரின் மனச்சாட்சிக்குரியது. வலியைத் தணிக்கும் மருந்தை மறுப்பதற்கு மாத்திரம் நியாயம் இல்லை. நோயுற்ற மாட்டை இறைச்சிக்கென விற்பது, உண்பவர்க்குங் கேடு; நெடுவழி ஏற்றிச் செல்லப்படும் மாட்டுக்கும் பெருந்துன்பம்.

இறந்த மாட்டை வாவியிலோ வாய்க்காலிலோ எறிய வேண்டாம். கிணற்றுக்குத் தொலைவாக, மேட்டு நிலத்தில் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க. திடீரென இறந்து, மூக்கிலும் மலவாயிலும் கறுத்த இரத்தம் வடிந்தால், அதனை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. உடனே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவிக்க.

கமக்காரர் கவனத்துக்கு

கயிற்றில் ஒரு முடிச்சு, விலாவில் ஒரு கை, மூன்று மணிக்கொரு புரட்டல், வாடைக்கு ஒரு கிடுகு: இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை, கவனமே வேண்டும். இக்கவனம் சில மாடுகளை மீட்டுத் தரும். மீளாத மாட்டுக்கும், அது நமக்குத் தந்த உழைப்புக்கு ஈடாக, அமைதியான இறுதி நாட்களைத் தரும்.