ஆயிரத்து இருநூறு ரூபாய்

கேள்வி: என் மாமியாருக்கு 71 வயது. மாசம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வருகிறது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் அண்ணன், "அரசாங்கப் பணம் பூராவும் இலவசத்துக்கே போகுது, கடன் ஏறிக்கிட்டே இருக்கு" என்று அவர் காதுபடவே பேசுகிறார். போன மாசம் பணம் வாங்கி வந்த அத்தை, "இதை வாங்குறது தப்பாம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அண்ணனிடம் என்ன சொல்வது?
- வாசகி, மணப்பாறை

பதில்: தப்பே இல்லை என்று முதலில் அத்தையிடம் சொல்லிவிடுங்கள். அண்ணனுக்கான பதில் கொஞ்சம் நீளம்.

2025 மார்ச் 14 அன்று தமிழ்நாட்டு நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த 2025-26 பட்ஜெட்டையே எடுத்துக்கொள்வோம். பாலம், கட்டடம் போன்ற மூலதனச் செலவைத் தள்ளிவிட்டால், அந்த வருடத்தின் வருவாய்ச் செலவு சுமார் 3.73 லட்சம் கோடி. அதை நூறு ரூபாயாகச் சுருக்கினால் சம்பளத்துக்கு 24 ரூபாய் போகிறது. ஓய்வூதியத்துக்கு 11. வாங்கிய கடனுக்கு வட்டி 19. மானியங்கள், நிதி மாற்றங்கள் என்ற தலைப்பில் 41. மிச்சம் பராமரிப்புக்கும் அலுவலகச் செலவுக்கும்.

அண்ணன் அந்த 41-ஐப் பிடித்துக்கொள்வார். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பங்கிட்டுத் தரும் பணம் அதில்தான் இருக்கிறது. விவசாய மின்சாரமும் ரேஷன் மானியமும் அதில்தான். மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி. நூறில் 3 ரூபாய் 70 பைசா. பெண்களின் கட்டணமில்லா பஸ் பயணத்துக்கு 3,600 கோடி. ஒரு ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. காலை உணவுத் திட்டத்துக்கு 600 கோடி, 16 பைசா. உங்கள் அத்தை வருடத்துக்கு வாங்குவது 14,400 ரூபாய். மாத உதவித்தொகை பெறுவோர் 30 லட்சத்துக்கு மேல். 30 லட்சம் என்றே வைத்துப் பெருக்கினால் 4,320 கோடி வருகிறது. நூறில் 1 ரூபாய் 16 பைசா.

இனி நான் சொல்லப்போவது கணக்கல்ல. அந்த 11 ரூபாய் ஓய்வூதியத்தில் என்னுடையதும் இருக்கிறது. சார்கருவூலத்தில் முப்பது வருடம் பில் பார்த்ததற்காக அரசு எனக்கு மாசாமாசம் தருவது. அதை இலவசம் என்று இதுவரை யாரும் என் காதுபடச் சொன்னதில்லை. உங்கள் அத்தை என்ன வேலை பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை. நாற்று நட்டிருக்கலாம், கடலைக்காட்டில் களை எடுத்திருக்கலாம், சித்தாளாகக் கல் சுமந்திருக்கலாம். அந்த வேலைகளுக்குப் பணிப்பதிவேடு கிடையாது. கூலியில் பிடித்து முதுமைக்கு எடுத்துவைக்க ஒரு முதலாளியும் கிடையாது.

எங்கள் ஊரில் மாசம் பிறந்ததும் இந்த உதவித்தொகையைக் கொடுக்க வங்கி முகவர் கைமெஷினோடு பள்ளிக்கூடத் திண்ணையில் வந்து உட்காருவார். என் பெரியம்மா முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பார். ரேகை விழாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், பிறகு இடது கை. முகவர் ஈரத்துணி கொடுப்பார், மறுபடி துடைப்பார். கதிரரிவாளின் பிடியில் நாற்பது வருடம் தேய்ந்த விரல்கள் அவை. "விழுந்துருச்சு பாட்டி" என்று முகவர் சொல்லும்வரை பெரியம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பணத்தில் அவர் வாங்கியது பெரும்பாலும் மாத்திரையும் வெற்றிலையும்தான். பேரப்பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் இருக்கும்.

தமிழ்நாடு இந்த உதவித்தொகையை 1962-லேயே மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. மத்திய அரசின் திட்டம் வந்தது 1995-ல்தான். மத்தியப் பட்டியலில் இருக்கும் முதியவருக்கு டெல்லியிலிருந்து வருவது 200 ரூபாய், 80 வயதானால் 500. அந்த 200 ரூபாய் 2007-க்குப் பிறகு அசையவே இல்லை. மிச்சத்தை மாநிலம் போடுகிறது. 2023 ஆகஸ்டில் ஆயிரத்தை 1,200 ஆக்கினார்கள். ஆந்திராவில் 2024 ஜூலை முதல் 4,000 தருகிறார்கள். என்னைக் கேட்டால், 1,200 அதிகமா என்பதல்ல, இவ்வளவு குறைவாக ஏன் என்பதே உங்கள் வீட்டில் நடக்க வேண்டிய வாக்குவாதம்.

கடனைப் பற்றி அண்ணன் கவலைப்படுவது நியாயம். இதே பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. அன்றாடச் செலவுக்கே கடன் வாங்குகிறோம். வட்டி மட்டும் 70,000 கோடியைத் தாண்டுகிறது. இதைக் குறைத்தே ஆக வேண்டும். ஆனால் அதற்காகக் கிழவியின் சுருக்குப் பையில் முதலில் கைவைப்பதை நான் ஒப்பமாட்டேன்.

கேள்வி: கார் வைத்திருப்பவருக்கும் ரேஷன் அரிசி எதற்கு? ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் பணம் மிஞ்சாதா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: கொஞ்சம் மிஞ்சும், கூடவே பல ஏழைகளின் பெயரும் பட்டியலிலிருந்து போய்விடும். 1997-ல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று கார்டுகளைப் பிரித்தபோது, தமிழ்நாடு எல்லாருக்கும் என்ற முறையைக் கைவிடவில்லை. கார்க்காரர் பெரும்பாலும் அரிசி வரிசைக்கு வருவதில்லை. அரிசி வேண்டாமென்று சர்க்கரை கார்டு வைத்திருப்பவர்களும் உண்டு. வடிகட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதை மகளிர் உரிமைத் தொகையில் பார்த்தோம். முதலில் 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்ததில் தேர்வானது 1.06 கோடி. வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தகுதி இல்லை என்பது ஒரு விதி. நாலு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் இருக்கும் லைன் வீட்டில் அந்த யூனிட்டை யார் தலையில் எழுதுவது?

கேள்வி: ஒதுக்கிய பணம் உண்மையில் செலவானதா என்று சாதாரண ஆள் தெரிந்துகொள்ள முடியுமா?
- கல்லூரி மாணவி, திருவாரூர்

பதில்: முடியும். ஆனால் எல்லாம் ஒரே புத்தகத்தில் கிடைக்காது. முதியோர் உதவித்தொகை வருவாய்த் துறையின் கீழ் வருகிறது. காலை உணவு சமூக நலத் துறையில், அரிசி உணவுத் துறையில், பஸ் போக்குவரத்துத் துறையில். நிதித் துறையின் இணையதளத்தில் அந்தந்தத் துறையின் மானியக் கோரிக்கையைத் திறந்து, மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கணக்கு என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மேடையில் பேசுவது மதிப்பீட்டை. நிஜமாகச் செலவானதைச் சொல்வது கணக்கு. ஆனால் அது ரொம்பப் பிந்தித்தான் வரும்.

அவசரப்பட்டு ஒப்பிடவும் கூடாது. மகளிர் உரிமைத் தொகைக்கு 2023-24-ல் 7,000 கோடி, மறுவருடம் 13,720 கோடி. திட்டம் இரட்டிப்பானதாக அர்த்தமில்லை. முதல் வருடம் செப்டம்பர் 15-ல்தான் தொடங்கியது. ஏழு மாதத்துக்கான பணம் அது.

முதியோர் உதவித்தொகைக்கு, துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் பயனாளிகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். தொகை கூடியும் ஆள் கூடவில்லை என்றால், மனு கொடுத்தவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். உங்கள் தாலுகாவில் எத்தனை மனு நிலுவை என்று சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்.