பந்து வீசலாம், தலைவராகக் கூடாது

பெரம்பலூர்

அன்புள்ள தம்பிக்கு,

1938இல் முசோலினி அரசு இனச் சட்டங்களைக் கொண்டுவந்ததும் இத்தாலிய விளையாட்டுக் கழகங்களிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பொலோனியா கால்பந்து அணிக்கு 1936, 1937 என அடுத்தடுத்துப் பட்டம் வாங்கித் தந்த ஹங்கேரியப் பயிற்சியாளர் அர்பாத் வைஸ் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. 1944 ஜனவரியில் ஆஷ்விட்ஸ் முகாமில் இறந்தார். ஜெர்மனியில் உயரம் தாண்டுதலில் 1.60 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனையைச் சமன் செய்த யூதப் பெண் கிரெட்டல் பெர்க்மன், 1936 பெர்லின் ஒலிம்பிக் தொடங்குவதற்குச் சற்று முன்பு அணியிலிருந்து நீக்கப்பட்டார்.

இந்தியாவில் விளையாட்டுக்கு அப்படியொரு சட்டம் எழுதப்படவில்லை. வழக்கமே போதுமானதாக இருந்தது.

கிரிக்கெட் வீரர் பல்வங்கர் பாலு தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். புனேயில் ஐரோப்பியர் கிளப்பில் மைதான வேலை பார்த்தார். துரைமார் மட்டை பிடித்துப் பழக அவர் மணிக்கணக்கில் பந்து வீசினார். இடக்கைச் சுழல் அப்படித்தான் கூர்மையானது. ஐரோப்பியரை வெல்ல ஆள் தேடிய புனே இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்ட விதம்தான் கவனிக்கத்தக்கது. களத்தில் எல்லாரும் தொட்ட பந்தை அவரும் தொட்டார். தேநீர் வேளையிலோ பெவிலியனுக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண் கோப்பை. சாப்பாட்டுக்குத் தனி மேசை. அவர் எடுத்த விக்கெட்டுகளுக்கு மட்டும் தீட்டு இல்லை.

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பெரும்பாலும் தோற்றது. பாலு 100 விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். அதற்குப் பிறகும், நான்கு சமூக அணிகள் மோதிய பம்பாய் நாற்கோணப் போட்டியில் இந்து அணியின் தலைமை ஒவ்வொரு முறையும் மேல்சாதியினருக்கே போனது. 1920இல் அவருடைய தம்பிகள் விட்டலும் சிவராமும் இதை எதிர்த்து அணியிலிருந்து விலகினார்கள். அவர்கள் இல்லாமல் ஆடிப் பார்த்த பிறகுதான் பாலு துணைத்தலைவரானார். 1923இல் விட்டல் தலைவரானார், இந்து அணி கோப்பையை வென்றது. பாலுவுக்கு மட்டும் தலைவர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. 1955இல் காலமானார்.

திறமை எந்த ஊரிலிருந்து, எந்தத் தெருவிலிருந்து வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அரியலூர்க்காரர் கார்த்தி செல்வம் 2022 ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியாவுக்காக ஆடினார். அதனால் பொங்கலுக்கு ஊரில் கபடிக்கோ கிரிக்கெட்டுக்கோ ஆள் சேர்க்கிறவர், காலனிப் பையன் பட்டியலில் இருக்கிறானா என்பதோடு நிறுத்திக்கொள்வது போதாது. தலைவராக யாரைப் போடுகிறார்கள், ஆட்டம் முடிந்ததும் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே பாகுபாடு தெரிந்தால், விட்டலையும் சிவராமையும்போல அடுத்த ஆட்டத்துக்கு முன்பே விலகி நிற்க வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா